கூண்டில் நிற்பவன் குற்றவாளியா, நோயாளியா?

(கோவை சிங்காநல்லூரில் மில், விசைத்தறி, பனியன் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் நம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் இரண்டு கட்டுகள். ஒன்று மகனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள். மற்றொன்று கோர்ட்டுக் காகிதங்கள். மகன் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவன். அந்தத் தாய் நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க, எம்பையன் குடிச்சதுனால புத்தி பேதலிச்சுதுங்களா, இல்ல புத்தி பேதலிச்சதுனால குடிச்சானுங்களா? ஆஸ்பத்திரியில ஒண்ணு சொல்றாங்க, ஸ்டேசன்ல ஒண்ணு சொல்றாங்க. நானு ஆருகிட்டப் போயிக் கேக்கறதுங்க?"

அன்றைக்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அதன் பிறகு டாக்டர்களைக் கேட்டோம், வக்கீல்களைக் கேட்டோம், சட்டப் புத்தகங்களைப் புரட்டினோம். தெரிந்துகொண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

மூன்று வாசல்கள்

அந்தப் பையனின் கதை என்ன? ராத்திரி ஷிப்டில் வேலை. தூக்கம் போயிற்று. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது போலக் காதில் குரல் கேட்டது. வீட்டார் காத்து, கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். குரலை அடக்கவும் கண்ணை மூடவும் அவன் குடித்தான். குடி ஏறிற்று; குரல் அடங்கவில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் தன்னைக் கொல்ல வருவதாக நினைத்து அவரை அடித்துவிட்டான். போலீஸ் வந்தது. வழக்கு வந்தது. சிறை வந்தது.

வெளியே வந்ததும் தாய் அவனைக் குடி மறக்கும் மையம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். "மனநோய் உள்ளவரை இங்கே சேர்ப்பதில்லை" என்றார்கள். மனநோய் வைத்தியத்துக்குப் போனார். "முதலில் குடியை நிறுத்திவிட்டு வரட்டும்" என்றார்கள். கோர்ட்டுக்குப் போனார். "வாய்தாவுக்கு வராததால் பிடிவாரண்டு" என்றார்கள்.

மூன்று வாசல்கள். மூன்றும் அடைப்பு. ஒரே மனிதனை மூன்று துண்டாக்கி, ஒவ்வொருவரும் தனக்கு வேண்டாத துண்டை அடுத்தவர் வாசலில் தள்ளிவிடுகிறார்கள். இது ஒரு வீட்டுக் கதையா? பல்லடத்தில் கேளுங்கள், திருப்பூரில் கேளுங்கள், பள்ளிபாளையத்தில் கேளுங்கள். தெருவுக்கு ஒரு மஞ்சள் பை இருக்கிறது.

டில்லி எய்ம்ஸ் மருத்துவக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2019ல் வெளிவந்தது. மதுவினால் ஏற்பட்ட பிரச்னைக்கு உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர் என்று அது கூறுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேர் எங்கே? வீட்டுத் திண்ணையிலும், ரோட்டோரத்திலும், லாக்கப்பிலும்!

இரண்டு நோய், ஒரே உடல்

டாக்டர்கள் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறோம். மனச்சோர்வு, ஓயாத பயம், மனச்சிதைவு ஆகிய நோய் உள்ளவன் தூக்கத்துக்காகவும் நிம்மதிக்காகவும் குடியை நாடுகிறான். அன்று ராத்திரி குடி அவனுக்குக் கடன் கொடுக்கிறது. மறுநாள் கந்துவட்டிக்காரனைப் போல வட்டியும் முதலுமாக வசூலிக்கிறது. இது ஒரு வழி. வருஷக் கணக்கில் குடித்தவனுக்குச் சோர்வு வருகிறது. மனைவி மீது காரணமில்லாத சந்தேகம் வருகிறது. இல்லாத குரல் கேட்கிறது. இது மறு வழி. சிறு வயதில் கஞ்சா பிடிப்பவனுக்கு மனநோய் வரும் ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்த விஷயம்.

அப்படியானால் தாயின் கேள்விக்குப் பதில்? இரண்டு வழியும் உண்டு. எது முதலில் வந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வைத்தியம் தொடங்க முடியாது. குடியினால் வந்த சோர்வு, குடியை நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணியும். தணியாமல் நிற்பதற்குத் தனி மருந்து வேண்டும். ஆனால் அந்த நான்கு வாரமும் கூடவே இருந்து கவனிப்பவர் யார்? இரண்டையும் அறிந்த டாக்டர் கவனிக்க வேண்டும். குடித்தால் வாந்தி வரச் செய்யும் மாத்திரையை, நோயாளியின் மனநிலையைப் பார்க்காமல் கொடுத்தால் சித்தப்பிரமை கூடக்கூடும். தூக்க மாத்திரையைக் குடியோடு சேர்த்தால் மூச்சே நிற்கலாம். ஆகவேதான் இரண்டு வைத்தியமும் ஒரே சீட்டில், ஒரே குழுவின் கையில் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைத் தாய்மார்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தினமும் அதிகமாகக் குடிக்கிறவனைத் திடீரென்று லாக்கப்பில் அடைத்தால் என்ன ஆகிறது? கடைசிக் குடியிலிருந்து சில மணி நேரத்தில் கை நடுங்குகிறது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் தொடங்கி நான்காம் நாளுக்குள் சன்னி காணலாம். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வான். இல்லாத ஆளோடு பேசுவான். உடல் வேர்த்துக் கொட்டும். வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகலாம். "நடிக்கிறான்" என்று நினைக்கிறான் காவலுக்கு நிற்பவன். "பைத்தியம்" என்கிறான் பக்கத்தில் கிடப்பவன். நடிப்புமில்லை, அவன் செத்துக்கொண்டிருக்கிறான்! இதற்கு மருந்து ஒன்றும் சீமையிலிருந்து வர வேண்டியதில்லை. நடுக்கத்தை அடக்கும் மருந்தை முதலில் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பது, 'பி1' வைட்டமின் ஊசி, டாக்டரின் கண்காணிப்பு. விலை மலிவான மருந்துகள். அன்றைக்கே கேட்டிருந்தால் போதும்: "கடைசியாக எப்போது குடித்தாய்?"

கோவையில் வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கிறீர்கள். அவர்கள் நம் பிள்ளைகள். அபின் இனத்தைச் சேர்ந்த போதைக்குப் பழகியவன் சில மாதம் சிறையில் இருந்தால் உடலின் தாங்கும் சக்தி குறைகிறது. வெளியே வந்து பழைய அளவையே ஏற்றினால் அதுவே எமனாகிறது. சிறை அவனைக் குணப்படுத்தவில்லை. விடுதலையான வாரத்தையே ஆபத்தான வாரமாக்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் வழியே இல்லையா? இருக்கிறது. அதுதான் வேதனை.

போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 1985ல் வந்தது. அதன் 39வது பிரிவைக் கேளுங்கள். போதை உபயோகித்த குற்றத்துக்கோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானவன் போதைக்கு அடிமைப்பட்டவனாக இருந்தால், கோர்ட்டு அவனுக்கு உடனே தண்டனை விதிக்க வேண்டியதில்லை. அவன் சம்மதத்தோடு, ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கி, சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ சர்க்கார் அங்கீகரித்த ஆஸ்பத்திரிக்கோ அனுப்பலாம். ஒரு வருஷத்துக்குள் சிகிச்சை அறிக்கையோடு அவன் வர வேண்டும். 64ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அப்படிப்பட்டவன் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்தே பாதுகாப்பு. சிகிச்சையை முடிக்காவிட்டால் மட்டுமே அது பறிபோகும்.

1958ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. சிறைக்குப் பதிலாக, அதிகாரியின் மேற்பார்வையில், போதையைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒருவனை விடுவிக்கக் கோர்ட்டுக்கு அதில் அதிகாரம் உண்டு.

2017ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளும் மனநோய்தான் என்று அந்தச் சட்டமே விளக்கம் தருகிறது. சர்க்கார் செலவில் மனநோய் சிகிச்சை பெறுவது ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை என்கிறது. அப்படியிருக்க, "குடிகாரனுக்கு இங்கே இடமில்லை" என்று எந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலில் சொன்னாலும் அது சட்ட விரோதம் அல்லவா?

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? பஞ்சாபில் 2013 முதல் 2015 வரை நடந்த வழக்குகளை விதி சட்டக் கொள்கை மையம் ஆராய்ந்து 2018ல் அறிக்கை வெளியிட்டது. கோர்ட்டின் மூலம் போதைச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர் ஒருவர் கூட இல்லை என்று அது கண்டது. போதையால் அழிகிறது என்று நாடே பேசிய மாகாணத்தில் இந்தக் கதி!

நம் ஊரில் பாருங்கள். போதைப் பொருள் வழக்குகளுக்குக் கோவையில் சிறப்பு நீதிமன்றம் உண்டு. ஆனால் மூன்று வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கே சிறப்பு நீதிமன்றம். ஒரு பொட்டலம் கஞ்சாவோடு பிடிபட்டவனும், குடித்துவிட்டு அடிதடியில் இறங்கியவனும் நிற்பது மாஜிஸ்திரேட் கோர்ட்டில். அங்கே வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. மாஜிஸ்திரேட் பக்கத்தில் ஒரு மனநல டாக்டர் உண்டா? ஒரு சமூகப் பணியாளர் உண்டா? "இவனுக்கு நோய் இருக்கிறது" என்று எடுத்துச் சொல்ல யார் உண்டு? அபராதம் கட்டுகிறான்; அல்லது உள்ளே போகிறான். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாயச் சட்டம், பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு செய்பவனுக்கு 24 மணி நேரக் காவல், ஆயிரம் ரூபாய் வரை அபராதம், சமூக சேவை என்று வரிசை போடுகிறது. தெருக் கூட்டலாம், ஆனால் வைத்தியம் என்ற வார்த்தை அந்த வரிசையில் இல்லை!

வெளிநாட்டுப் பாடம்

அமெரிக்காவில் 1989ல் மயாமி நகரில் போதைக்கென்று தனிக் கோர்ட்டு தொடங்கினார்கள். நீதிபதியே சிகிச்சையைக் கண்காணித்தார். பிறகு அது நாடெங்கும் பரவியது. ஆனால் மனநோயும் சேர்ந்து இருப்பவர்களைப் பல கோர்ட்டுகள் ஏற்கவில்லை. 1997ல் அதே புளோரிடா மாகாணத்தில் மனநோய்க்கென்று இன்னொரு கோர்ட்டு வந்தது. இரண்டு நோய் உள்ளவன் இரண்டு கியூவுக்கு நடுவே நின்றான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற புத்தி அனுபவப்பட்டுத்தான் வந்தது. அங்கேயும், சிகிச்சையில் சறுக்கினால் சிறை என்ற கத்தி தலைக்கு மேல் தொங்குகிறது.

போர்ச்சுகல் 2001ல் வேறு வழி எடுத்தது. பத்து நாள் சொந்த உபயோகத்துக்கு மேற்படாத அளவு போதைப் பொருளை வைத்திருப்பது அங்கே கிரிமினல் குற்றமில்லை. போலீஸ் பிடித்தால், சட்டம், சுகாதாரம், சமூகப் பணி தெரிந்தவர்கள் உள்ள குழுவின் முன் அனுப்புகிறார்கள். விற்பவனுக்குச் சிறை, நோயாளிக்கு வைத்தியம்.

எதையும் அப்படியே காப்பியடிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பாடம் எடுத்துக்கொள்வோம். புதுக் கோர்ட்டு கட்டினால் மட்டும் போதாது; கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே பாதை போட வேண்டும். பாதையின் முடிவில் ஒரே வாசல் இருக்க வேண்டும்.

யார் ஊற்றிக் கொடுத்தது?

நோயாளியைப் பற்றிப் பேசுகிறோம். நோயை விற்றது யார்? 1937ல் ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது நம் பக்கத்துச் சேலம் ஜில்லாவில்தான். அன்று போட்ட மதுவிலக்குச் சட்டம் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. அந்தச் சட்டத்தைத் திருத்தித்தான் 2003ல் சில்லறை மது விற்பனை முழுவதையும் டாஸ்மாக்கிடம் ஒப்படைத்தார்கள். பெயர் மதுவிலக்கு, வேலை மது விற்பனை! 2023-24ல் மதுவிலிருந்து தமிழக சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 45,855 கோடி ரூபாய். இதில் பெரும்பகுதி யார் பணம்? உழைப்பவன் கூலி. அவன் குடிக்கும்போது சர்க்காருக்கு வாடிக்கைக்காரன். குடித்து விழுந்தபின் சர்க்காருக்குக் குற்றவாளி. என்ன நியாயம் இது?

நெடுஞ்சாலை மதுக்கடைகளை மூடச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த பிறகு, 2017ல் கடைகளை ஊருக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். அந்த ஏப்ரலில் திருப்பூர் ஜில்லா சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு போலீஸ் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. அந்தத் தாய்மார்கள் கேட்டது என்ன? எங்கள் வீட்டைக் காப்பாற்று என்பதுதான். கடையை மூடும் போராட்டமும், ஏற்கெனவே நோயில் விழுந்தவனுக்கு வைத்தியம் கேட்கும் போராட்டமும் ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை

தோழர்களே, ஊரைக் குறை சொல்லிவிட்டு நம்மை மறப்பது கம்யூனிஸ்டுகளுக்கு அழகில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று ஒரு தொழிலாளி நீக்கப்பட்டபோது, நம் சங்கம் என்ன செய்தது? "குடிகாரனுக்காக வாதாடினால் சங்கத்தின் மானம் போகும்" என்றோம். அவன் ராத்திரி ராத்திரி தூங்காமல் அலைந்ததை நாம் பார்க்கவில்லையா? பார்த்தோம். விசாரித்தோமா? இல்லை. கை போன தோழனுக்கு நஷ்ட ஈடு வாங்கித் தந்த நாம், மனம் போன தோழனைக் கைவிட்டோம். இது தவறு. இந்தத் தவறைத் திருத்திக்கொள்கிறோம்.

இந்த ஊர்ச் சிறையை நமக்கு நன்றாகத் தெரியும். அங்கே வ.உ.சி. செக்கிழுத்தார். 1946 ஜனவரி 8ம் தேதி சின்னியம்பாளையம் தியாகிகள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் அங்கேதான் தூக்குமேடை ஏறினார்கள். தொழிலாளி வர்க்கத்துக்காக அவர்கள் அந்த வாசலுக்குள் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வைத்தியம் கிடைக்காத நோய்க்காக அதே வாசலுக்குள் போவதை நாம் பார்த்துக்கொண்டிருப்பதா? குற்றம் செய்யாத மனநோயாளியைச் சிறையில் வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1993ல் ஷீலா பார்ஸே வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ம் தேதி, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி மாண்டார்கள். சங்கிலியும் வைத்தியமில்லை, சிறைக் கம்பியும் வைத்தியமில்லை. பதிவில்லாமல், அடித்துக் குடியை மறக்கடிப்பதாகப் பணம் பறிக்கும் மையங்களும் வைத்தியமில்லை.

என்ன கேட்கிறோம்?

முதலாவது, கைது செய்த உடனே டாக்டர் பரிசோதனை உண்டென்று சட்டம் சொல்கிறது. அது கையெழுத்துச் சடங்காக இருக்கக் கூடாது. கடைசியாக எப்போது குடித்தாய், முன்பு மனநோய்க்கு மருந்து சாப்பிட்டாயா, உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்ற மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் ஜில்லா மனநலத் திட்டத்துக்கும் நேரடித் தொடர்பு வேண்டும். 39, 64ஏ பிரிவுகளைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவர் பாஷையில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஜில்லா ஆஸ்பத்திரிகளில் குடி, போதை, மனநோய் மூன்றுக்கும் ஒரே வாசல், ஒரே சீட்டு, ஒரே குழு. மருந்து இலவசம். பெண்களுக்குத் தனி வசதி.

நான்காவது, சிகிச்சையின் நடுவில் மறுபடி குடித்துவிட்டால் சிறை என்ற மிரட்டல் கூடாது. சர்க்கரை வியாதிக்காரன் ஒரு லட்டுத் தின்றால் அவனை லாக்கப்பிலா போடுகிறோம்? மறுபடி விழுவது இந்த நோயின் குணம். மறுபடி தூக்கிவிடுவது வைத்தியத்தின் கடமை. அதே சமயம், அடிபட்ட மனைவிக்கும் குழந்தைகளுக்கும் முழுப் பாதுகாப்பு வேண்டும். நோயைக் காரணம் காட்டி அவர்களைப் பலியிட நாம் ஒருபோதும் சம்மதியோம்.

ஐந்தாவது, சிகிச்சைக் காலத்தில் வேலையும் கூலியும் பறிபோகக் கூடாது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் மனச்சிதைவு போன்ற நோய்க்கு, தகுதியுள்ளவருக்கு இரண்டு வருஷம் வரை சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்க வழி உண்டு. எத்தனை தொழிலாளிக்குத் தெரியும்? ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கும் விசைத்தறி, காண்டிராக்டு, வடநாட்டுத் தொழிலாளர்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

இவையெல்லாம் கிடைக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், காவலில் இருப்பவருக்கும் இலவச வக்கீல் உண்டு. இது 1987ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டம் தந்த உரிமை. ஜில்லா சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டு வாங்குங்கள். மனக் கலக்கம் என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. வீட்டில் ஒருவர் கைதானால், அவருடைய பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போங்கள். அந்தச் சீட்டு ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும். மறைக்காதீர்கள், இதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

அந்தத் தாயிடம் திரும்பி வருகிறோம். மகன் இப்போது ஜாமீனில் இருக்கிறான். ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரே டாக்டர் இரண்டு நோயையும் சேர்த்துப் பார்க்கிறார். குரல் குறைந்திருக்கிறது என்கிறான். நடுவில் ஒரு முறை குடித்துவிட்டான். மறுநாளே திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனான். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இரண்டு கட்டுக் காகிதங்களும் இப்போது வக்கீலின் கையில் ஒரே கட்டாக இருக்கின்றன.

அடுத்த வாய்தாவுக்கு அந்தத் தாய் தனியாகப் போகப் போவதில்லை. சங்கம் கூடப் போகிறது. உங்கள் தெருவில் இருக்கும் மஞ்சள் பைகளையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து போவோம்!